கண்ணாடி என்று எழுதியிருந்தது

சகோதரி வியாகுலத்தின் கடிதம்
ஒரு மாதம் பழசாகி வந்தது.
சூடான் எல்லையோரம் கூடாரங்கள்,
மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி.
உங்கள் தவக்காலக் காசு வந்து சேர்ந்தது.
நீங்கள் சொன்னபடி பெண்களிடமே கேட்டேன்.
கண்ணாடி வேண்டும் என்கிறார்கள்.
அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

சின்னப்பாலத்தில் எங்கள் அன்பியம் பதினாறு வீடு.
கணக்கு நோட்டு என்னிடம்.
பாசி விற்ற வாரம் இருபது ரூபாய்,
கடல் ஏறாத வாரம் பத்து,
தடைக்காலத்தில் ஒரு பிடி அரிசி.

வாங்கியே பழகிய கைகள்தான் இவை.
சுனாமி வந்த வருஷம்
அலை எங்களை விட்டுவிட்டது,
நிவாரணம் விடவில்லை.
பனி பெய்யும் ஏதோ ஊரிலிருந்து
பெட்டி பெட்டியாகக் கம்பளிச் சட்டை.
உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு
போட்டோவுக்கு நின்றோம்.
பிறகு ஐஸ் பெட்டி மூட உதவியது.
நல்ல மனசுக்காரர்கள்தான், குறை சொல்லவில்லை.
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
அதனால்தான் சிஸ்டருக்கு எழுதினேன்:
கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது சொல்லியாகிவிட்டது. கண்ணாடி.

சந்தனமேரிக்குச் சந்தேகமே இல்லை,
முக்குளிக்கிற கண்ணாடிதான்.
அது இல்லாமல் பாறை இடுக்கில்
மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது என்று
எவளுக்குத் தெரியும்?
அங்கே கடலே இல்லை என்றேன்.
கடல் இல்லாத ஊரா என்று
சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்திரேசம்மாள் வெள்ளெழுத்து என்றாள்,
ஊசி கோக்கத் தெரியாமல் கேட்டிருப்பார்கள்.
ஃபாதர் சூரிய ஒளித் தகடாக இருக்குமோ என்றார்.
கோயில் கூரைக்கு அவர்
ரெண்டு வருஷமாக அதைத்தான்
நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விரலில் சுற்றிய துணியை
அவிழ்த்துக்கொண்டிருந்தாள் யோகராணி.
மண்டபம் முகாமிலிருந்து
எங்களோடு பாசிக்கு வருகிறவள்.
அதிகம் பேசமாட்டாள்.

"முகம் பாக்கிற கண்ணாடியைத்தான் கேட்டிருக்கினம்.

தொண்ணூறாம் ஆண்டு நான் வந்து இறங்கேக்க
அரிசி தந்தவை, பாய் தந்தவை, சட்டி தந்தவை.
எட்டு மாசமா ஒருத்தரும்
ஒரு துண்டுக் கண்ணாடி தரேல்லை.
நாங்களும் கேக்கேல்லை.
சோத்துக்கு வரிசையில நிக்கிறவளுக்கு
முகம் எதுக்கெண்டு சொல்லிப்போடுவினம்.
பிறகு ஒருநாள் பஸ் யன்னலில கண்டன்.
அம்மா நிக்கிறா எண்டு
திரும்பிப் பாத்தன்.
அம்மா வள்ளத்தில ஏறவே இல்லை."

துணியைப் பிழிந்து உதறினாள்.
ஈரத்தில் ரத்தம் கொஞ்சம் இருந்தது,
பாறை கிழித்தது, எப்போதும் கிழிப்பது.

சிஸ்டருக்கு போன் போட்டேன்.
நாலாவது தடவை கிடைத்தது.
முகம் பார்க்கிறதுதானே என்றேன்.
பின்னே வேறென்ன என்றார்,
கோபம்போல இருந்தது,
அல்லது தூரம் அப்படிக் கேட்டது.

கண்ணாடி உடையும்.
பார்சல் காசு கண்ணாடியை விழுங்கும்.
பணமாகவே அனுப்புகிறோம்,
அங்கேயே நாற்பது வாங்கட்டும்.
பாதிக்கு ஜெபமாலை வாங்கலாமே என்றார் ஃபாதர்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அவரும் திரும்பக் கேட்கவில்லை.

மேற்றிராசனப் படிவத்தில்
உணவு, உடை, மருந்து, கல்வி
என்று நாலு கட்டம்.
கண்ணாடியை எதில் போட?
பேனாவைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மருந்தில் போட்டேன்.

அன்புள்ள சிஸ்டர்,
கைக்கு அடக்கமான சின்னது வேண்டாம்.
நெற்றியும் கழுத்தும்
ஒரே நேரத்தில் தெரிகிற அளவு வேண்டும்,
பக்கத்தில் பிள்ளை நின்றால்
அதுவும் தெரியவேண்டும்.
இது யோகராணி சொன்னது.
முப்பத்தோரு கண்ணாடிக்கான காசு
இத்துடன் வருகிறது.
பாசி விலை இறங்கிக் கிடக்கிறது,
காற்றும் சரியில்லை.
மீதி ஒன்பது ஆடிக்குள்.