கழித்தல்

குளியலறைத் தராசு எனக்காக வாங்கியது.
நூற்றி நாலு கிலோ. ஓல்டனில் எங்கள் குடும்ப டாக்டர்
என் கோப்பைத் திறக்கும்போதே பெருமூச்சு விடுவார்.
தமிழ்க் கடையில் மிக்சர் பைக்குக் கை நீட்டினால்
விற்கிறவரே "அண்ணை, நெஞ்சு கவனம்" என்பார்.
என் இதயத்துக்கு ஊரெல்லாம் காவல்.

தவமலர் அந்தத் தராசில்
ஊருக்குப் போகும் வருசங்களில் மட்டும் ஏறுவாள்,
இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.
எண்பத்தொன்று.
பெட்டியைக் கீழே வைப்பாள். ஐம்பத்திரண்டு.
"இருபத்தொன்பது. இன்னும் ஒரு கிலோ போடலாம்"
என்று சொக்லேட் எடுக்கப் போவாள்.
அவள் உடம்பு எங்கள் வீட்டில்
கழிக்கவேண்டிய ஓர் எண்.

"குடுத்து வைச்ச உடம்பு" என்பார்கள் கோயிலில் பெண்கள்.
விடிய ஐந்துக்கு முதியோர் இல்லத்துச் சலவை,
பின்னேரம் வங்கியில் நாலு மாடி.
இடையில் சமைத்து, நின்றபடியே
சட்டியை வழித்துத் தின்பாள்.
கடைசியாகப் பிரஷர் பார்த்தது
சின்னவன் வயிற்றில் இருந்தபோது. ஏறித்தான் இருந்தது.
பிள்ளையோடு பிரஷரையும் பெற்றுப் போட்டுவிட்டாள்
என்று நினைத்துக்கொண்டோம்.
சின்னவன் இப்போது சவரம் செய்கிறான்.

தை மாதம் தாடை நொந்தது. கிராம்பு கடித்தாள்.
பல் டாக்டரிடம் வியாழனுக்கு நேரம் எடுத்தாள்.
செவ்வாய், படியேறும்போது முதுகு. "வாய்வு" என்றாள்.
நான் இஞ்சி தட்டிக் கொடுத்தேன்;
அதையும் எழுதத்தான் வேண்டும்.
அன்றிரவு மைனஸ் நாலில் யன்னலைத் திறந்துவிட்டு
வேர்த்துக்கொண்டு நின்றாள்.

நூற்றி நாற்பத்திநாலை அடித்தேன்.
மூன்றாம் மாடி ஏறி வந்தார்கள் இருவர்.
கதவைத் திறந்த எனக்கு மூச்சு வாங்கியது.
ஒருவன் என் தோளைப் பிடித்து
இருங்கள், சட்டையைக் கழற்றுங்கள் என்றான்.
நானில்லை, நானில்லை என்று
இருபத்தாறு வருச ஜெர்மனும் மறந்து
தமிழில் கத்தினேன்.
அவள் யன்னலருகே, மன்னிப்புக் கேட்பவள் போல,
ஒரு விரலை உயர்த்தினாள்.

ஆராவ்வில் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.
இளம் டாக்டர் ஒருத்தி கடதாசியில் இதயம் கீறி
மூன்று குழாய் போட்டாள்.
எல்லாருக்கும் நெஞ்சிலேதான் வலிக்கும் என்றில்லை,
மெலிவு ஒரு காப்புறுதியும் இல்லை என்றாள்.
பிறகு என் வயிற்றை ஒருதரம் பார்த்தாள்.
அதன் முறை இன்னும் வரவில்லை.
வராது என்றும் அவள் சொல்லவில்லை.

வீடு வந்து பத்தாம் நாள் பல் டாக்டரின் கடிதம்:
வராமல் விட்ட வியாழனுக்கு எண்பது பிராங்க்.
"எண்பதோ?" தவமலர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
"ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதோ நீங்கள்?"
கோபத்தில் அவள் கன்னத்தில் இரத்தம் ஏறியது.
ஏறட்டும் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.