விட்டுப்போன வரி

முப்பத்தோரு வருஷம் டாலி கிளார்க்.
மணலி சாலை யார்டில்
வந்த பெட்டி, போன பெட்டி, சீல் எண்
ஒன்று தப்பியதில்லை.
என் மார்பில் இருந்ததை மட்டும்
கணக்கில் ஏற்றாமல் விட்டிருக்கிறேன்.

வேர்க்கடலை அளவு. இடது காம்புக்குக் கீழே.
வேனல் கட்டி என்று மஞ்சள் அரைத்துப் போட்டேன்.
காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு
எட்டு மாதம் வீட்டில் சட்டையைக் கழற்றவில்லை.
தண்டையார்பேட்டையில், மே மாதத்தில்,
முழுக்கைச் சட்டையோடு படுப்பவனை
அமுலு சந்தேகப்பட்டாள்,
வேறு விஷயத்துக்கு.

மாமோகிராம் அறை வாசலில்
பதினோரு புடவை, நான்.
"பேஷண்ட் எங்க, உங்க வீட்டம்மாவா?"
"நான்தான் சிஸ்டர்."
படிவத்தில் ஒரு கட்டம்:
கடைசியாக மாதவிலக்கு ஆன தேதி.
கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை.
கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

டாக்டர் நஸ்ரின் சின்னப் பெண்.
தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.
பதிமூன்றாவது குரோமோசோம்,
பி.ஆர்.சி.ஏ. இரண்டு,
அதில் ஓரெழுத்து இல்லை என்றார்.
ஓரெழுத்துதானே என்றேன்.
சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது.
டாலி ஷீட்டில் ஒரு வரி விட்டுப்போனால்
அதற்குக் கீழே அத்தனையும் இடம் மாறும்.
மிளகாய் என்ற பெட்டியில் டயர் இருக்கும்,
டயர் என்றதில் பொம்மை,
நடுவழியில் எங்கோ
கப்பல் காலி என்று ஒரு பொய்க் கையெழுத்து.

இன்னொன்றும் இருக்கு என்றார்.
அறுத்தெடுத்த கட்டியில் வேறொரு மரபணு.
எழுத்து ஒன்றும் கெடவில்லை.
வாசலில் மெத்தில் ஒட்டிக்கொண்டதால்
படிக்க ஆளில்லாமல் கிடக்கிறது.

இது எனக்குத் தெரியும் டாக்டர்.
சரக்கு பத்திரம், சீல் விழுந்துவிட்டது.
செல் கண்டபடி பெருகாமல்
காவல் நிற்க வேண்டியவன்
உள்ளே அகப்பட்டுத் தகரத்தைத் தட்டுகிறான்.
யார்டு இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

சீல் போட்டது யார் என்றேன்.
"வயசா இருக்கலாம். சூழல், ஹார்மோன்...
உங்க விஷயத்துல இதுதான்னு சொல்ல முடியாது."
அந்த அறையின் ஜன்னலில் எதிர்ச்சுவர்தான் தெரியும்.
நான் மணலிப் புகைபோக்கியின்
அணையாத நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டாளு அத்தை, நாற்பத்தாறில்.
குப்பம்மா அத்தை, முப்பத்தொன்பதில்.
பொம்பளைங்க சமாச்சாரம் என்று
எங்களைத் தெருவில் விளையாட அனுப்பினார்கள்.
அவர்களின் அண்ணன், என் அப்பா,
ஹார்பரில் மூட்டை தூக்கியவர்.
வெற்று மார்போடு எண்பது வயது,
ஒரு கொப்புளம் கிடையாது.
அவரிடமிருந்துதான் வந்திருக்கும்.
எதையும் பாதியில் கீழே போடாத மனுஷன்,
கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி வாய்ப்பு,
புதன்கிழமை ரத்தம் கொடுக்கணும் என்றேன்.
ஷர்மி அப்போதே லீவு சொன்னாள்.
டில்லி போனிலிருந்து தலை தூக்கவில்லை.
"அக்கா போவட்டும். நான் ஆம்பளப்பா."

பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
தையல் அக்குள் வரை ஓடுகிறது.
காம்பு இருந்த இடம் வழவழப்பு.
ஃபேன் காற்றுக்கு
வலது பக்கம் மட்டும் சிலிர்த்தது.
அமுலு அடுப்பைச் சிறிதாக்கினாள்.
யாரும் எதுவும் பேசவில்லை.

கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி ஒன்று
நகர ஆரம்பித்தது.
பழக்கதோஷம்,
சத்தத்தை வைத்தே எண்ணினேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது...
"வெறும் வயித்துலயா போகணும்?" என்றான் டில்லி.

நாற்பதா, நாற்பத்தொன்றா,
விட்டுவிட்டேன்.