அடுப்பின் வயது

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
1917-க்கு முன். 1917-க்குப் பின்.
சாமி இன மக்களின் தடயம் முன்னது என்றால்
சட்டம் தானாகவே காவல் நிற்கும்.
பின்னது என்றால்
காற்றாலைக்குப் போகும் சாலை
அதன்மேல் ஏறிப் போகலாம்.

மழையில் மை கரையும் என்று
த்ரொம்சோவிலிருந்து பென்சிலோடு வந்திருந்தேன்.
ரிஸ்தென் முன்னே நடந்தாள். நாற்பத்தொரு வயது,
முந்நூறு துருவமான்கள், முடியாத ஒரு வழக்கு.
தம்பி யொவ்னா ஜி.பி.எஸ். கம்பத்தைத்
துடுப்புபோலத் தோளில் சாய்த்திருந்தான்.
மேட்டுக்கு மேடு ஆரஞ்சு நாடா கட்டிய குச்சிகள்:
இங்கே சாலை, இங்கே வளைவு,
இங்கே லாரி திரும்பும் இடம்.
ஒரு குச்சியில் நாடா இல்லை.
"மான்குட்டி தின்றிருக்கும்," என்றான் யொவ்னா.
"எழுதிக்கொள். ஆட்சேபணை ஒன்று."

குட்டைப் பூர்ச்சமரம், பாசி, ஈரம்.
அதற்குள் பதினோரு கல், நீள்வட்டமாக.
பையை இறக்கிவைக்கக் குனிந்தேன்.
"அங்கே வேண்டாம்."
அடுப்புக்குப் பின்னால் இருக்கும் இடம் அது.
கூடாரம் போய் எத்தனை காலமோ,
அதன் பின்பக்கம் மட்டும் போகவில்லை.
நான் சுற்றிக்கொண்டு வந்தேன்,
இல்லாத துணிச்சுவரில் உரசாமல்,
இல்லாத வாசல் வழியாக.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது, நான்கு பக்கம்.
எங்கே தோண்டலாம் என்பதை அவர்கள் சொல்வார்கள்.
எவ்வளவு ஆழம் என்பதைச் சேர்ந்து முடிவுசெய்வோம்.
போதும் என்று யார் சொன்னாலும் போதும்.
என் துறைத்தலைவர்
அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

ஒரு சாண் அகலம்.
கருப்பு, சாம்பல், மணல், மறுபடி கருப்பு.
யொவ்னா சல்லடையை ஆட்டினான்:
எலும்புத் துணுக்கு, ஓர் ஈயக்குண்டு,
பித்தளைப் பொத்தான், காபி டின் மூடி.
மூடியைக் கண்டதும் ரிஸ்தென் சிரித்தாள்.
"இது நாங்கள்தான். தொண்ணூற்றாறில்
பனிப்புயலில் இரண்டு ராத்திரி மாட்டிக்கொண்டோம்.
இவனுக்கு முதல் பல் விழுந்தது இங்கேதான்.
அதையும் தேடு."

பென்சில் கட்டங்களுக்கு மேலே நின்றது.
அடியில் கிடக்கும் கரி யாருடையதோ.
மேலே கிடப்பது தெரியும்:
மூன்று வாரத்துக்கு முன் மீன் சுட்டது.
கைவிட்ட அடுப்புக்குத் தேதி போடலாம்.
கைவிடாததற்கு?

"போதும்," என்றாள் ரிஸ்தென்.
இன்னும் இரண்டு விரல் ஆழத்தில்
வேறொரு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது.
கை நின்றது.
மனம் நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
புல்கட்டியைத் திருப்பி வைத்து அழுத்தினோம்,
மூன்று பேர், ஆறு உள்ளங்கை.

ஜனவரியில் ஆய்வகக் கடிதம்:
கரித்துண்டு, ஆயிரத்து அறுநூற்று நாற்பது,
முன்னே பின்னே முப்பது ஆண்டு.
போன் செய்தேன். மறுமுனையில் பனிவண்டி இரைச்சல்.
"அப்படியா," என்றாள்,
பக்கத்து வீட்டுக்காரரின் வயது தெரியவந்ததுபோல.
"எந்தக் கட்டத்தில் டிக் போட்டாய்?"
"இரண்டிலும்."

கணினி ஏற்கவில்லை.
ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும் என்று சிவந்தது.
முன் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.
காபி டின் மூடி எதற்குள்ளும் வராமல்
என் மேசையில் கிடந்தது, அவளிடம் திரும்பிப் போகும்வரை.

சாலை இப்போதைக்கு
எண்பது மீட்டர் வடக்கே நகர்ந்திருக்கிறது.
இப்போதைக்கு என்பது அவர்கள் கடிதத்தின் சொல்.
எண்பது மீட்டரில் காற்றாடிச் சத்தம்
மானுக்குக் கேட்காதா என்கிறாள் ரிஸ்தென்.
அதற்கு என்னிடம் கட்டமே இல்லை.

படிவத்தின் அடியில், யாரும் படிக்காத
குறிப்புகள் பகுதியில் எழுதினேன்:
அடுப்பு பயன்பாட்டில் உள்ளது.
அடுத்து வருபவர்
தம் பையை அதன் பின்னால் வைக்க வேண்டாம்.