இரண்டு மலை தாங்கும்

பள்ளத்தூரில் இருந்துகொண்டு
மலையேறும் பூட்ஸ் வைத்திருப்பவள்
அநேகமாக நான் ஒருத்திதான்.
இங்கே நிலம் தோசைக்கல்.
கண்மாய்க்கரைதான் உயரம்.
ஒரு பஸ் மாறினால் குன்றக்குடி;
அங்கேயும் அடிவாரத்தில்
கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கட்டிலுக்கடியில் மூன்று வருஷம் திறக்காத பெட்டி.
மேல்தோல் அப்படியே.
தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.
நாடாவில் மேகமலைச் சேறு கெட்டியாக.
காலை நுழைத்து முற்றத்தைச் சுற்றி வந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
வழியெல்லாம் கறுப்புத் தூள்,
யாரோ தேன்குழல் தின்றுகொண்டே
நடந்த மாதிரி.

கையில் தூக்கிப் போக வெட்கம்.
போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
வலதுகால் அடிப்பாகம் நின்றுவிட்டது.
நான் மட்டும் முன்னே போனேன்.

இன்னாசி இயர்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தான்.
குதிங்காலில் கட்டைவிரலை அழுத்தினான்.
வெந்த சேப்பங்கிழங்குக்குள் போவதுபோல் போனது விரல்.
"இது நடந்து தேஞ்சதில்லக்கா.
நடக்காம வச்சதுல செத்தது.
உள்ள இருக்குற ஃபோம், சும்மா கெடந்தா
ஈரக்காத்தைக் குடிச்சே உளுத்துப்போகும்."

பூட்டிய வீடுகள் என்று ஆரம்பித்துவிடாதே,
எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
இந்தப் பக்கம் எதைத் தொட்டாலும்
அந்த உவமைதான் முதலில் வந்து நிற்கும்.
இது பூட்ஸ்.
நான் மூன்று வருஷம் மலைக்குப் போகவில்லை.
முதலில் முழங்கால்,
பிறகு ஜி.எஸ்.டி. கணக்கு,
பிறகு சும்மா.

வயிரவன் தையில் பழனிக்கு நடப்பவர். வெறுங்கால்.
கொப்புளம் உடையும், தோல் உரியும்,
மாசி பாதிக்குள் புதுத்தோல் வந்துவிடும்.
அவருக்கு அடி மாற்றுவது
தானாக, இலவசமாக நடக்கிறது.
அதனால்தான் ஃபோனில் அத்தனை சுலபமாகச் சொன்னார்:
"புதுசாவே வாங்கிரு உமையா."

புதுசு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கூடையில் கிடக்கிறது.
சாம்பல் நிறம்.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
'கடைசி இரண்டு ஜோடி' என்று மிரட்டுகிறது,
மூன்று நாளாக அதே இரண்டு ஜோடி.

இன்னாசி ஆயிரத்து நானூறு சொன்னான். ரெண்டு காலுக்கும்.
"இடதுகால் நல்லாத்தானே இருக்கு?"
"ஒத்தக்கால் மட்டும் ஒசந்தா இடுப்பு கேள்வி கேக்கும்."
"எத்தனை நாள் வரும்?"
"நாளெல்லாம் தெரியாது. ரெண்டு மலை தாங்கும்.
மூணாவது மலைக்கு என்னைக் கேக்காதீங்க."

மலைக்கு எழுநூறு.
உள்ளே கையை விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் உட்கார்ந்து உட்கார்ந்து
தோண்டிய பள்ளம் இருந்தது.
புதுசுக்கு என் கால் யாரென்று தெரியாது.
தெரிந்துகொள்ள ஒரு மலை ஆகும்,
அந்த மலையில் ரத்தமும் வரும்.
இந்தக் கணக்குக்கு
எந்தப் பக்கம் வரவு, எந்தப் பக்கம் பற்று?

சரி என்று நான் சொல்லவில்லை.
நாடாக்களை உருவிப் பைக்குள் வைத்தேன்.
அதையே சரி என்று எடுத்துக்கொண்டு
"வியாழக்கெழமை வாங்க" என்றான்.

வீட்டுக்கு எதில் போவது?
மேசைக்கடியிலிருந்து காலாலேயே
ஒரு ஜோடிச் செருப்பைத் தள்ளிவிட்டான்.
நீல வார். கட்டைவிரல் வளையத்தில் புதுத் தையல்.
"ஒம்பது மாசமாக் கெடக்கு. கொடுத்தவங்க வரவேயில்ல.
போட்டுட்டுப் போங்க."

குதிங்கால் வெளியே நின்றது.
நாலு மணித் தார் ரோடு அதை நன்றாகவே கவனித்துக்கொண்டது.
யாரோ ஒருத்தியின் பெருவிரல் பள்ளத்தில்
என் பெருவிரல் போய் உட்கார்ந்தது.
தைக்கக் கொடுத்தவள்.
பாதி வழி வரைக்கும் முடிவெடுத்தவள்.
நடுவில் எங்கேயோ
புதுசு வாங்கியிருப்பாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம்.
ஃபோனைத் திறந்தால், சாம்பல் நிறம்,
இன்னும் கடைசி இரண்டு ஜோடி.
அழிக்கவில்லை.
வியாழனுக்கு அலாரம் வைத்தேன்.
பத்து மணிக்கு ஒன்று,
பத்தேகாலுக்கு இன்னொன்று.