குறிப்பு என்ற கட்டம்

பலகையைக் கழற்றினோம்.
சி பதினாலாம் தூணின் இடுப்பில்
கை நுழையும் அளவுக்கு ஓட்டை.
தேன்கூடு என்போம் இதை, எங்கள் தொழிலில்.
சுத்தியலால் தட்டினேன்.
காலிக் குடம் மாதிரி பதில் சொன்னது.
திருவொற்றியூரின் மூணு மணிக் கடற்காற்று
அதற்குள்ளும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

வியாழக்கிழமை, பாரிமுனை ஆபீசில் விசாரணை.
ஏசி. கண்ணாடி மேஜை. தட்டில் மிக்சர்.
அவரவர் ஃபைல் அவரவர் மடியில்,
கூட்டமான பஸ்ஸில் கைக்குழந்தையை
வைத்திருப்பதுபோல.

டிசைன் வைதேகி விரித்துக் காட்டினாள்:
நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போட்ட கம்பி,
இருபத்தஞ்சு எம்எம், நெருக்கி நெருக்கி.
சரிதான்.
கேட்டது இருபது எம்எம் ஜல்லி,
வாங்கியதும் அதே, பில் இருக்கு
என்றார் பர்ச்சேஸ் ஜாகிர்.
சரிதான்.
மணலி பிளாண்ட்டில் ஏற்றும்போது
பாயசம் மாதிரி இருந்ததாம் கலவை.
அதுவும் சரி.
லேப் நான். என் கியூப்
இருபத்தெட்டாம் நாள் முப்பத்தெட்டு தாங்கியது.
அதை வார்த்ததும் மணலியில்தான் என்பதை
யாரும் கேட்கவில்லை.

எல்லார் கணக்கும் சரி.
தூண் மட்டும் தப்பு.

ஷூவில் காய்ந்த சிமெண்ட்டைச் சுரண்டியபடி
சைட் எபனேசர் மெதுவாகச் சொன்னான்:
"கம்பி நடுவுல என் சுண்டு விரலே போவல மேடம்.
ஜல்லி எங்கருந்து போவும்?"
"அப்பவே ஏன் சொல்லல?"
"யார் கிட்ட?"

மிக்சர் தட்டைப் பார்த்தோம் எல்லாரும்.

சாட்சிக்கு அழைத்திருந்த டிரைவர் தேசப்பன்
உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே பேசினார்:
"சாத்தாங்காட்டுல கன்டெய்னர் லைன் கட்டி நிக்குது சார்.
ரெண்டேகால் மணி நேரம். டிரம் சுத்துது,
வண்டி நவுரல.
பாயசம் களியாய்டுது. எறங்கல.
தண்ணி ஊத்தித்தான் எறக்குறோம்."
எத்தனை நாளாக?
"வண்டி எடுத்த நாளா."

அப்போதுதான் என் ரெஜிஸ்டரைத் திறந்தேன்.
கடைசிக் கட்டம், தலைப்பு: குறிப்பு.
பென்சிலில், ஏழு மாதமாக:
புறப்பாடு 9.10, வருகை 11.25.
புறப்பாடு 2.00, வருகை 4.20.
மாதா மாதம் அதன் கீழே
மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்
என்று அன்றைக்குச் சொன்னேன்.
பாதி பொய்.
எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றின் மேல் ஏறி நின்று
கொஞ்சம் உயரமாய் இருந்தேன் அந்த ஏழு மாதம்.

பிறகு கம்பெனி ஒரு கூட்டம் போட்டது.
'துறைகளிடையே அறிவுப் பகிர்வு' என்று பேனர்,
பிரியாணி, ஒரு மணி நேர ஸ்லைடு.
கேள்வி இருக்கா என்றார்கள்.
தயிர் வெங்காயம் தீர்ந்துவிட்டதா என்று
ஒருத்தர் கேட்டார்.

நடந்தது என்னவோ வாட்ச்மேன் கேபினின் பின்சுவரில்.
எபனேசர் ஒட்டிய ஒரு சார்ட் பேப்பர்,
கயிற்றில் தொங்கும் பேனா.
'ரிட்டார்டர் கூட்டினோம், இரண்டு மணி தாங்கும்.'
'பி ஆறில் கம்பியை மாற்றியிருக்கேன்,
விரல் விட்டுப் பார்த்துச் சொல்லுங்க. வைதேகி.'
'பன்னெண்டு எம்எம் ஜல்லி கொஞ்சம் விலை ஜாஸ்தி,
நான் பேசிக்கிறேன். ஜாகிர்.'
அதன் கீழே, இன்னொருத்தர் எழுத்தில்
தேசப்பன் சொல்லச் சொல்ல எழுதியது:
'இன்னிக்கு நாப்பது நிமிசம். லைனே இல்ல.
ஏன்னு தெரியல.'
சாயங்காலம் யாரோ பதில் போட்டிருந்தார்கள்:
'ஹார்பர்ல இன்னிக்கு வேலை இல்லை.'

சி பதினாலைக் கொத்தி, கழுவி,
கிரௌட் அடைத்தாயிற்று.
ஒட்டு தெரிகிறது, ஒரு சாண் அகலம், வெளிறிப்போய்.
பூசினால் மறையும்.
இன்னும் பூசவில்லை.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு
வைதேகியிடமிருந்து போன்:
"ஜல்லி வந்துச்சா? எப்படி இருக்கு?"
சலித்த அளவைச் சொல்ல ரெஜிஸ்டரை எடுத்தேன்.
"அது இல்ல. கையில எடுத்துப் பார்த்துச் சொல்லு."

செல்போன் வெளிச்சத்தில் குவியலுக்குள்
முழங்கை வரை விட்டேன்.
ஈரம். கொஞ்சம் தூசு.
சில கல் தட்டையாய்.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
அந்தப் பக்கம்
அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.