தலையில தேய்ச்சுட்டு வை

பேட்டை ரேஷன் கடையில்
மூன்றாம் தடவையும் சிவப்பு.
"விரலத் தலையில தேய்ச்சுட்டு வை வடிவு,
எண்ணெப் பசை இருந்தா எடுக்கும்."
எனக்குப் பின்னால் பதினேழு பேர்.
துவரம்பருப்பு தீர்ந்துவிடுமோ என்று
முதுகில் மூச்சு விடுகிறார்கள்.
தேய்த்தேன், என் தலையிலேயே.
ரேகையைத் தின்றதே தலைகள்தான் என்று
அந்த மனுசரிடம் எப்படிச் சொல்ல.

வண்ணார்பேட்டையில், மாடியில்,
ஏசிக் கதவுக்கு உள்ளே ஒன்பது வருஷம்.
நாளுக்குப் பன்னிரண்டு தலை,
முகூர்த்தம் என்றால் இருபது.
அலசுகிறவள் நான், சாயம் குழைக்கிறவள் நான்,
கண்ணாடியில் மட்டும் அவர்கள்.

முதலில் மோதிரத்துக்கு அடியில்தான் அரித்தது.
கவரிங் ஒத்துக்கலை என்றார் மெர்சி மேடம்.
கழற்றினேன்.
மோதிரம் இருந்த இடத்தில்
அரிப்பு மோதிரமாகக் கிடந்தது.
அப்புறம் விரலிடுக்கு. அப்புறம் மணிக்கட்டு.
சொதி வைக்கிற ஞாயிற்றுக்கிழமை
எலுமிச்சம்பழம் பிழிய மட்டும்
மகனைக் கூப்பிடுவேன்.

கையுறை ஆளுக்கு வாரம் ஒரு ஜோடி.
கழுவி, பவுடர் தூவி,
துண்டுகளோடு மொட்டைமாடிக் கொடியில் போடுவோம்.
காற்று புகுந்தால்
ஐந்து விரலும் உப்பி நின்று
ரோட்டில் போகிற பஸ்ஸை
நில்லு நில்லு என்னும்.
ஒன்றும் நிற்காது.

புதிதாய் வருகிறவர்களுக்குக்
காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுச் சாயம் வைத்து
இரண்டு நாள் கழித்து வாங்க என்போம்.
தடித்தால் வேண்டாம், காசு திருப்பித் தருவோம்.
எனக்கு எவரும் பொட்டு வைக்கவில்லை,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
பத்துக் கட்டம் முதுகில் ஒட்டும் வரைக்கும்.

குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது என்றார்கள்.
பங்குனி வெயில்.
வேர்க்காமல் இருக்க எந்த ஊருக்குப் போவது?
"ஏட்டி, முதுகுல காலண்டர மாட்டிக்கிட்டு அலையுத,
இன்னைக்கு என்ன தேதின்னு சொல்லு"
ஜெசிந்தா சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே
என் பங்குத் தலைகளையும் அலசினாள்.

ஏழாம் கட்டம் கொப்புளித்திருந்தது.
எனக்குத் தெரியாத என் முதுகை
டாக்டரம்மா போனில் பிடித்துக் காட்டினார்.
"கறுப்புச் சாயத்தில இருக்கிற மருந்து.
இனிமே எப்பவுமே ஒத்துக்காது.
வேற வேலை பாக்க முடியுமா?"
சீட்டில் களிம்பின் பெயர் மட்டும் எழுதினார்.

மறுநாள் பெருமாள்புரத்திலிருந்து ஒரு டீச்சர்.
மகளுக்குக் கல்யாணம்.
வகிட்டில் விரல் நீள நரை.
"நீதான் வேணும்மா, ஒன் கை மெதுவா இருக்கும்."
மெதுவாகத்தான் இருக்கும்.
வெடித்த கை வேறெப்படி இருக்கும்.
இரண்டு உறை போட்டுக்கொண்டு பூசினேன்.
ராத்திரி புறங்கையைச் சுவரில் தேய்த்து
சுண்ணாம்பு உதிர்ந்தது.

நாலாம் தடவையும் சிவப்பு.
"கார்டுல வேற யார் பேர் இருக்கு?"
டியூஷனிலிருந்து மகனை வரவழைத்தேன்.
வைத்தான். ஒரே தொடலில் பச்சை.
அரிசி விழும் சத்தத்துக்கு நடுவே
அவன் விரலைத் திருப்பிப் பார்த்தேன்:
அம்மாடி, எத்தனை கோடு,
ஒன்றுகூடத் தேயாமல்.

பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது கேட்டான்,
கிளாஸில் மூணு பேர் அடித்திருக்கிறார்களாம்,
லீவு விட்டதும் முன்முடிக்கு மட்டும்
பிரவுன் கலர் போட்டுவிடுவியா என்று.

தெருவிளக்குக்குக் கீழே நின்றேன்.
"மொதல்ல காதக் காட்டுலே."