வவுச்சர் எண் 31

எங்கள் பேரவையின் விதிப்புத்தகம் பதினொரு பக்கம்.
தலைவர் தலைமை தாங்குவார் என்கிறது நான்காம் பிரிவு.
தலைவர் இல்லாதபோது துணைத்தலைவர்.
இருக்கும்போது அவள் யார் என்று அதில் இல்லை,
அதனால் ஃபர்சீன் ஒரு வருடமாக
கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள்.
செயலாளர் எழுதுவார்.
பொருளாளர் பணம் காப்பார்.
ஐந்நூறைத் தாண்டினால்
இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று தலைவருடையது.

பொருளாளர் நான்.
இசக்கியம்மாள் என்ற பெயருக்கு இடம் போதாமல்
கதவுப் பலகையில் இசக்கியோடு நிறுத்திவிட்டார் பெயிண்டர்.
மிச்ச எழுத்துக்குத் தனிக்காசு கேட்டார்.
பட்ஜெட்டில் இல்லை என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
மூன்று மணிக்கு ஹார்பர் லைன் நின்றது,
நாலரைக்கு சென்ட்ரல்.
கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸின் படியெல்லாம் தண்ணீர்.
குர்லாவுக்கும் சயனுக்கும் நடுவே
அசையாத ரயிலில் எங்கள் தலைவன் அனிகேத்.
"எப்போதும் உங்களோடு"
தேர்தல் சுவரொட்டி மட்டும் மாடிப்படியில்
நனைந்து உரிந்து தொங்கியது.
போனில் நாலு சதவீதம் இருக்கிறது என்றான்,
அதைச் சொல்லி முடிப்பதற்குள் இல்லை.

முதல் மாடியில் அறுபத்து மூன்று பேர்.
ஃபர்சீன் நாற்காலி எடுத்துப் போட்டாள்,
இந்த முறை அதன்மேல் ஏறி நின்றாள்.
யார் வீட்டுக்கு யார் போனில் பேசுவது,
எந்த அறையில் யார் படுப்பது.
அழுதுகொண்டிருந்த முதலாண்டுப் பையனை
அவள் தேற்றவில்லை.
மணிக்கொரு முறை எல்லோரையும் எண்ணச் சொன்னாள்.
எண்ணினான். எழுதினான். அழ நேரமில்லை.
மூன்று மணிக்கு அறுபத்து நான்கு என்று ஓடிவந்தான்.
படிக்கட்டில் ஒரு நாய் ஏறி வந்திருந்தது.

செயலாளர் நெவில் டார்ச் வெளிச்சத்தில் எழுதினான்:
தீர்மானம், பசி.
முன்மொழிந்தவர், அனைவரும்.
எதிர்ப்பு, இல்லை.

பணப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில் நானும் அவனும் போனோம்.
மேம்பாலத்தடியில் வடாபாவ்காரர்
அடுப்பை பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஏற்றி வைத்திருந்தார்.
பாவ் நூற்றுப்பத்துதான் இருந்தது.
பதினெட்டு வீதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
வெறும் வடை பதினாறு, பத்து வீதம்.
ஆளுக்கு இரண்டு. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில்
மழையைக்கூட மறந்தேன்.
ரசீது கேட்டேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தார்,
என் பேனாவை வாங்கி என் தாளில்
பெயரை மராத்தியில் எழுதினார்,
பக்கத்தில் எண்ணெய்க் கட்டைவிரல்.

காலை ஏழுக்குத் தண்டவாளம் வழியே
நடந்தே வந்தான் அனிகேத், முழங்கால்வரை சேறு.
"கொடு, நேற்றைய தேதி போட்டுத் தருகிறேன்."
நேற்று நீ இங்கே இல்லையே என்றேன்.
இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.
ஒன்றும் பேசாமல் போய்
கிடந்த பேப்பர் தட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்,
அதுவும் நான்காம் பிரிவில் இல்லை.

தணிக்கைக்குக் குல்கர்னி சார் வந்தார்.
செலவினத் தலைப்பில் 'மழை' என்றிருந்ததைச்
சிவப்பு மையால் வட்டமிட்டார்.
இரண்டாவது கையெழுத்து எங்கே?
விதிப்படி தொகை என் பொறுப்பு.
மாதம் இருநூற்றுப் பதினாலு, பத்து மாதம்.
ட்யூஷன் காசில் கட்டுகிறேன், இது மூன்றாவது.
விதியைத் திருத்த ஃபர்சீன் தீர்மானம் கொண்டுவந்தாள்.
போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைப்பு,
நெவில் எழுதிவிட்டான்.

எண்ணெய் மட்டும் நிற்கவில்லை.
கட்டைவிரல் அளவிலிருந்து உள்ளங்கை அளவாகி
தாளைக் கண்ணாடியாக்கியிருக்கிறது.
முப்பத்தொன்றின் வழியே இப்போது
முப்பதைப் படிக்க முடிகிறது:
சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து, சால்வை,
நான்காயிரத்து எண்ணூறு.
இரண்டு கையெழுத்தும் இருக்கிறது.
அதில் ஒன்று என்னுடையது.